தும்பாட்டுக்கு இரண்டு டிக்கெட்

கவலைப்படுகிறவன் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே புறப்பட்டுவிடுவான். உடம்பு மட்டும்தான் ரயில் நாளன்று போய்ச் சேர்ந்துகொள்ளும். என் கதை அதுதான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். துரைமார்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம். நான் மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். (மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.) புதுசாகக் கல்யாணம். லெட்சுமி அதுவரை என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. ஒருநாள் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். பனிமலை, நடுவே புகை விட்டுக்கொண்டு ஒரு ரயில்.

"ஏங்க, இந்த மாதிரி குளிர்ல, மலையெல்லாம் பாத்துக்கிட்டே ரயில்ல ரொம்ப தூரம் போகணும்ங்க."

இதைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் இவள் வேறொன்றும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மலாக்கா டவுனில் ரயில் கிடையாது. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பஸ் பிடித்துத் தம்பினுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். கிம்மாஸில் வண்டி மாறினால் காடும் மலையுமாகக் கிளந்தான் கோடியில் தும்பாட் வரை போகலாம், டிசம்பரில் அங்கே ஓயாத மழை, நல்ல குளிர் என்றார்கள். பனி இல்லாவிட்டால் என்ன, குளிர் குளிர்தானே!

அன்றோடு என் தூக்கம் போயிற்று. யானை வந்து தண்டவாளத்தில் படுத்துக்கொண்டால்? லெட்சுமிக்கு ஜன்னி கண்டால்? ஊருக்குப் போன துரை ஒருவர் கடையிலேயே விட்டுப்போன கம்பளிக் கோட்டை முதலாளி எனக்குத் தந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கழுத்துக்கு மஃப்ளர் வேறு. பக்கத்து வீட்டுச் செட்டி அண்ணன் (பல தலைமுறையாக மலாக்காக்காரர், கோயிலுக்கு எங்களோடு வருவார், பேச்சு மட்டும் மலாய்) வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "பெர்கி மானா? லண்டன்கா?" என்றார், எங்கே பயணம், லண்டனுக்கா என்று.

தம்பினில் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் கோட்டைக் கழற்றவில்லை. (கழற்றினால் கையில் பிடிக்க வேண்டும், பிடித்தால் எங்காவது மறந்துவிடுவேனே!) மூக்கு வரைக்கும் மஃப்ளர். டிக்கெட் கொடுக்கும் மலாய்க்காரர் நிமிர்ந்து பார்த்ததும் அவசரமாக ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"தும்பா..." கடைசி எழுத்து கம்பளியிலேயே சிக்கிக்கொண்டது.

"தும்பாங்?" என்றார் அவர்.

(தும்பாங் என்றால் மலாயில் ஓசியில் தொற்றிக்கொண்டு போவது. லோரிக்காரனிடம் நாங்கள் தினமும் கேட்பதுதான். ரயிலிடம் யாரும் கேட்டதில்லை.)

"யா, யா! தும்பா! டுவா ஓராங்!" என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் என் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "போட்டிருப்பது துரை கோட்டு, பெண்டாட்டியோடு வந்து கேட்பது தும்பாங்கா?" என்று ஸ்டேஷனுக்கே கேட்கும்படி மலாயில் கத்தினார். வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற தோட்டத்து ஆள் ஒருவர், "ஏண்ணே, சுதந்திரம் கெடச்சிருச்சுன்னு ரயிலும் சும்மாவா?" என்றார்.

லெட்சுமி என் மஃப்ளரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஜன்னலில் தலையை நீட்டி, "தும்பாட்! தும்பாட்!" என்றாள்.

"தும்பாட்டா?" அவர் குரல் தணிந்தது. "கிளந்தானில் வெள்ளம். வண்டி ஓடவில்லை. கிம்மாஸ் வரைக்கும்தான் போகலாம்."

யானையைப் பற்றிக் கவலைப்பட்டேன், ஜன்னியைப் பற்றிக் கவலைப்பட்டேன். வெள்ளத்தைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை! அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வீட்டுக்குப் போயிரலாமா?" என்றேன்.

"ஏன்? கிம்மாஸுக்கே ரெண்டு எடுங்க."

வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் லேடாங் மலை பாதி மேகத்துக்குள் நுழைந்திருந்தது. சாரல் முகத்தில் அடிக்க, "குளிருதுங்க" என்றாள், பரிசு கிடைத்த மாதிரி. கோட்டில் பாதியை அவளுக்கும் போர்த்தினேன். அதற்காகவாவது அந்தச் சனியன் பிடித்த கோட்டு உதவியதே.

"அடுத்த வருஷம் மழைக்கு முன்னாலேயே தும்பாட் போவோம்ங்க" என்றாள். இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டாள்! எனக்கு அது போதும்.

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. ஒருமுறை பிரசவம், ஒருமுறை வெள்ளம், மற்ற முறையெல்லாம் என் கவலை. மருந்து வாங்கக் கிளம்பினால்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள்: "அப்பா, டிக்கெட்டா, தும்பாங்கா?"

இந்த வருஷம் சின்ன மகள் எங்கள் இருவருக்கும் தும்பாட்டுக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள். லெட்சுமி நேற்றே கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். மஃப்ளரைத்தான் காணோம். கேட்டால், "அது கெடையாது. இந்தத் தடவ ஊர் பேர முழுசா சொல்லணும்" என்கிறாள்.