முயல் நடத்திய ‘புலி எங்கே?’ இணையதளம்

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் பாறையிடுக்கில், கோமளம் என்றொரு முயல் குடியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரியும். கோமளம் சும்மா இருக்காமல் ‘புலி எங்கே?’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. தண்ணீருக்குப் போகுமுன் மிருகங்களெல்லாம் அதைத்தான் பார்க்கும். எல்லாரையும்விட அதிகம் பார்த்தது புலி. தன்னைப் பற்றி நாலு பேர் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் அதற்குத் தூக்கம் வராது.

கோடை வந்தது. குட்டைகள் வற்றி ஒரே ஒரு குளம் மிஞ்சியது. காடே ஒன்றாகத் தளத்தைத் திறக்க, அது திறக்காமல் சுற்றோ சுற்றென்று சுற்றியது.

“கோமளம் அக்கா, குட்டிக்கு நாக்கு வறண்டு போச்சு. தண்ணிக்குப் போகவா, வேண்டாமா?” என்று மங்கை மான் அழாக்குறையாகக் கேட்டது. கோமளத்துக்கு மனசு கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து இரண்டு பேர் வந்தார்கள்.

காகம் சொன்னது: “எங்களுக்கு மரத்துக்கு மரம் ஆள் இருக்கு. காலையில உங்க தளத்தை நகலெடுத்து எல்லா மரத்துலயும் வச்சிடுவோம். கேக்கறவங்களுக்கு அந்தந்த மரமே பதில் சொல்லிடும். சி.டி.என்.னு பேரு.”

ஆமை சொன்னது: “நான் பிராக்ஸிம்மா. நடுவுல நிப்பேன். யார் கேட்டாலும் உங்ககிட்ட வந்து கேட்டுட்டுப் போய்ச் சொல்லுவேன். உங்க வீடு எங்கேன்னு வெளியே தெரியாது. லேட்டாகும், ஆனா சேதி புதுசு.”

விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் கோமளத்தின் வம்சத்துக்கும் ஆமை வம்சத்துக்கும் ஓர் ஓட்டப்பந்தயத் தகராறு பாக்கி. “ஆமை புகுந்த வீடு விளங்குமா?” என்று கோமளம் காகத்தோடு ஒப்பந்தம் போட்டது.

தளம் பறந்தது. காடே மெச்சியது.

ஒருநாள் மத்தியானம், குகையில் படுத்திருந்த புலி எழுந்து குளத்துக்கு நடந்தது. கோமளம் பதறியடித்து, ‘புலி குளத்தங்கரையில்!’ என்று மாற்றியது. மரங்களில் இருந்ததோ காலை நகல்: ‘புலி குகையில் உறங்குகிறது. தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம்.’ அதைப் படித்துவிட்டு மங்கை குட்டியோடு கிளம்பியிருந்தது.

“போகாதே மங்கை, புலி அங்கதான் இருக்கு!” என்று கோமளம் பாறைமேல் நின்று கத்தியது.

மான் போனைத் தூக்கிக் காட்டியது. “தூங்குதுன்னு உங்க தளமே சொல்லுதே! அதை விட்டுட்டு உங்களை நம்பச் சொல்றீங்களா?”

கோமளத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒப்பந்தம் கிடைக்காமல் அன்றைக்கே விடைபெற்றும், வாசலில் இன்னும் திரும்பி முடிக்காமல் நின்றிருந்த ஆமையிடம், “அண்ணே, நீங்களாவது ஓடிப்போய்ச் சொல்லுங்க!” என்று கும்பிட்டது.

குளத்தங்கரையில் புலி மானைப் பார்த்தது. பாயுமுன், வழக்கம்போல் ஒரு தடவை தளத்தைத் திறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வந்தது: ‘புலி குகையில் உறங்குகிறது.’

“அடடா, தூங்கிக்கிட்டா இருக்கேன்? அப்ப இது கனவு,” என்று புலி அலுத்துக்கொண்டது. “கனவுல சாப்பிட்டு வயிறா நிறையப் போகுது?”

திரும்பிப் போய்க் குகையில் படுத்துக்கொண்டது.

மங்கையும் குட்டியும் வயிறு முட்டக் குடித்தன. “பாத்தீங்களா, நம்ம நகல்ல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல!” என்று காகம் ஊரைக் கூட்டிப் பெருமையடித்தது. சாயங்காலம் மூச்சு வாங்க ஆமை வந்து சேர்ந்தது. “புலி குளத்தங்கரையில! ஓடுங்க, ஓடுங்க!”

பொய்ச் சேதி பரப்பியதற்காக ஆமையைக் காட்டைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். முதலில் கை தூக்கியது கோமளம்.

நீதி: சேதி பழசென்று பதறாதீர்கள். வேகமாகக் கொடுங்கள், போதும். உண்மை தானே நடந்துவந்து அதற்குள் படுத்துக்கொள்ளும்.