எண்பத்தாறு எம்பி காணவில்லை

இன்றைய தேதிக்கு உலகத்திலேயே மிகப் பத்திரமாக இருக்கும் பொருள் எங்கள் வீட்டு ரவுட்டர்தான். அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள் கோபித்துக்கொள்ளலாம். என்ன செய்வது, அவர்களிடம் என் கணவர் இல்லை.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் இன்சார்ஜ். பத்தொன்பது வருடங்களாக அவருடைய ஸ்டோரிலிருந்து கையெழுத்தில்லாமல் ஒரு திருகாணி வெளியே போனதில்லை. கையெழுத்தோடு போனதும் குறைவுதான். இருப்பு குறைந்தால் அது திருட்டு. இந்த ஒரே உண்மையைக் கொண்டு அவர் உலகம் முழுவதையும் விளங்கிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் செல்போனில் இணையத்தின் வேகத்தை அளந்தார். தொண்ணூற்றொன்று என்று காட்டியது.

"நூறு எம்பி வாங்கியிருக்கோம். தொண்ணூத்தொண்ணுதான் இருக்கு. மீதி ஒன்பது எங்க?"

கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, அது குழாய்த் தண்ணி மாதிரி. ஏறும், இறங்கும். நான் இப்ப ஒரு பாடம் டவுன்லோட் பண்ணிட்டிருக்கேன்."

"தண்ணி இறங்கினா என்ன அர்த்தம்? எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்."

அன்றைக்கே 'இணைய இருப்புப் பதிவேடு' தொடங்கப்பட்டது. தேதி, நேரம், வரவேண்டியது, வந்தது, சந்தேகம் என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போனது. கடவுச்சொல் இருபத்துநான்கு எழுத்துகளாக உயர்த்தப்பட்டது. வாரந்தோறும் அது மாறும். புதியதைப் பெறப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அம்மா, பாஸ்வேர்டுல ஒரு தேதி வருது பாரேன். என் பிறந்த நாள்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்," என்றாள் மகள்.

"அது இல்லையா?"

"ரவுட்டர் வாங்கின நாளாம்."

இவ்வளவு பெரிய நிர்வாகத்துக்கு நடுவே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வேலையை விட்டவள். "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் விட்டேன். எப்போது அது "எப்போதைக்கும்" ஆனது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலைக்கு இணையத்தில் மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருப்பதாகத் தெரிந்து அதில் சேர்ந்தேன். ஹால் மூலையில், ரவுட்டர் இருக்கும் அலமாரிக்குக் கீழே எனக்கு ஒரு சின்ன மேஜை. வீடு காலியானதும் அங்கே உட்காருவேன். பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. இருபது நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். இணையம் அறுபடக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நான் கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம்" சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவள் முதல் நாலைந்து நாள் பதில் வணக்கம் சொல்லவே இல்லை.

திரும்பவும் நாட்டு நடப்புக்கு வருகிறேன். பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும்போது 'ஒன்பது எம்பி திருட்டு' விசாரணை சூடு பிடித்திருந்தது. முதல் சந்தேகம் அடுத்த வீட்டுப் பல் டாக்டர் மேல். மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி என் கணவர் நேரடியாகவே கேட்டார்.

"டாக்டர், உங்க வீட்டுல ஸ்பீடு எப்படி?"

"நல்லா இருக்கு சார். உங்களுக்கு?"

உள்ளே வந்து பதிவேட்டில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று எழுதினார்.

"ஏங்க, நல்லா இருக்குன்னுதானே சொன்னார்?"

"நம்மளோடது நல்லா இல்லாதப்ப அவரோடது எப்படி நல்லா இருக்கும்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். பல ஆண்டுகளாக யோசித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் அவர் ஒரு கேமரா வாங்கி வந்து ரவுட்டருக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். இருப்பதிலேயே உயர்ந்த ரகம். இரவு பகல் ஓயாது, படம் பளிங்குபோல் இருக்கும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். அவர் ஸ்டோரிலிருந்து பார்த்தார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ரவுட்டர் பக்கத்துல ஒரு கை வந்துச்சு."

"என் கைதாங்க. தூசி தட்டினேன்."

"தேதி, நேரம் போட்டு எழுதி வை."

கேமரா வந்த அன்றைக்கே வேகம் பதினான்குக்கு இறங்கியது. என் கணவர் அசரவில்லை. "பார்த்தியா, கேமரா வச்சதும் திருடனுக்குக் கோபம். எண்பத்தாறு எம்பியை அடிச்சுட்டான்!" அதற்குப் பிறகு வேகம் சில நாள் முப்பது, சில நாள் ஆறு. அவர் கேமராவின் தரத்தை இன்னும் ஒரு படி கூட்டினார். வேகம் இன்னும் ஒரு படி இறங்கியது. நோயும் வைத்தியமும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

நேர்காணல் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா, "உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார்.

பன்னிரண்டு வருடங்களில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சாவி எங்கே, சட்டை காய்ந்ததா, டீ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பேச ஆரம்பித்தேன். எனக்கே தெரியாத ஒருத்தி உள்ளேயிருந்து எழுந்து வந்து பேசுவது போல இருந்தது. கையை ஆட்டி, சிரித்து, ஒரு இடத்தில் குரல் கம்மி, நான்கு நிமிடம் பேசினேன். பிறகுதான் கவனித்தேன், அந்த அம்மாவின் கை கண்ணாடியைச் சரிசெய்யப் பாதி வழி போய் அங்கேயே நின்றிருந்தது.

படம் திரும்பி வந்தபோது அவர் வருத்தமாகச் சொன்னார். "'நான்'ங்கிற வரைக்கும் கேட்டுச்சு மேடம். அதுக்கப்புறம் வாயைத் திறந்தபடியே நின்னுட்டீங்க. நாளைக்கு இதே நேரம் இன்னொரு வாய்ப்பு தரோம். அப்பவும் இப்படின்னா, மன்னிச்சுடுங்க."

லேப்டாப்பை மூடியதும் போன் அடித்தது. என் கணவர்.

"இப்பத்தான் கேமராவுல பார்த்தேன். நாலு நிமிஷமா ரவுட்டர் பக்கத்துல கையை ஆட்டிட்டிருந்தியே, அதும் மேல ஏதாவது பட்டுச்சா?"

அன்றைக்கு நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. இணைய நிறுவனத்துக்கு நானே போன் செய்து டெக்னீஷியனை வரச் சொன்னேன். நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து என் கணவர் அரை நாள் விடுப்பில் வந்தார், பதிவேட்டோடு.

டெக்னீஷியன் நாற்பது வயதுக்காரர். பதிவேட்டை மரியாதையாக வாங்கி மேஜை மேல் மரியாதையாக வைத்துவிட்டு, தன் லேப்டாப்பைத் திறந்தார். பத்து நிமிடம் ஆகவில்லை.

"சார், உங்க லைன்ல ஒரு குறையும் இல்ல. ஸ்பீடைத் தின்னுட்டிருக்கிறது இந்தக் கேமராதான். இருபத்துநாலு மணி நேரமும் பெரிய பெரிய படமா வெளிய அனுப்பிட்டே இருக்கு. மத்ததுக்கு எங்கிருந்து வழி கிடைக்கும்?"

"கேமரா காவலுக்குங்க!"

"காவல்காரன்தான் சார் சாப்பிட்டுட்டான்." அவர் எதையோ தட்டினார். முகம் மாறியது. "கேமராவுக்கு என்ன பாஸ்வேர்டு வச்சீங்க?"

"அதுக்கு எதுக்கு? கடையில வாங்கினப்ப என்ன இருந்துச்சோ அதான். காவல்காரனுக்கே பூட்டுப் போடுவாங்களா?"

"கடையில வர்றது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டு சார். இதை இப்ப ரெண்டு பேர் பார்த்துட்டிருக்காங்க. ஒண்ணு உங்க போன். இன்னொண்ணு எங்கேயோ வெளிய. எழுபத்தொரு நாளா. நீங்களாவது அப்பப்ப வர்றீங்க, போறீங்க. அவன் வச்ச கண் வாங்கல."

எழுபத்தொரு நாள். ஒரு மாதிரித் தேர்வில் தோற்று மேஜையில் தலை கவிழ்ந்து அழுதது, அடுத்த தேர்வில் ஜெயித்து யாரும் இல்லாத ஹாலில் தனியாகக் கை தட்டியது எல்லாவற்றையும் ஒருவன் பார்த்திருக்கிறான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியில் வேர்வை. அவர் இவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. நடுங்கும் குரலில் கேட்டார்.

"அப்ப அவன் ரவுட்டரைப் பார்த்துட்டானா?"

டெக்னீஷியன் கேமராவின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "ரவுட்டர் மேல ஓரத்துல லேசாத்தான் தெரியுது சார். அக்காதான் படம் முழுக்கத் தெரியறாங்க."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார் என் கணவர். "நல்லவேளை!"

டெக்னீஷியன் என்னைப் பார்க்காமல், கேமராவைக் கழற்றும் வேலையில் மிகவும் மும்முரமானார்.

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் புகார் எழுதப்பட்டது. 'களவு போனவை' என்ற தலைப்பின் கீழ் நாளொன்றுக்கு எண்பத்தாறு எம்பி வீதம் எழுபத்தொரு நாள் என்று போட்டிருந்தார்.

"என்னையும் ஒருத்தன் பார்த்திருக்கானேங்க, அது வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இது களவு போன பொருளோட பட்டியல். நீ எங்க போனே? இங்கதானே இருக்கே."

"அப்பா, நீ அந்தப் பேப்பரைக் கொடு," என்று மகள் பிடுங்கி, கீழே அதையும் எழுதினாள். அவள் கையெழுத்து என்றைக்கும் இல்லாத அளவு அழுத்தமாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணி. கேமரா இல்லாத வீட்டில் வேகம் தொண்ணூற்றெட்டு. என் கணவர் நேர்காணலுக்காகவே விடுப்பு எடுத்து, திரைக்கு அப்பால் பதிவேட்டோடு நின்றிருந்தார். இந்த முறை "நான்" என்பதற்குப் பிறகும் அவர்களுக்குக் கேட்டது. பதினெட்டு நிமிடம் கேட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மா சிரித்த முகமாகக் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"எங்களுக்குத் திருப்தி. ஒரே ஒரு சம்பிரதாயம். மூணு மாசம் வீட்டிலேயே பயிற்சி எடுத்ததா எழுதியிருக்கீங்க. அதைக் கூட இருந்து பார்த்த ஒருத்தர் பேரு சொல்லுங்க. பேசிட்டு இன்னைக்கே உத்தரவு அனுப்பிடுறோம்."

என் கணவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நான் ஒலியை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டேன்.

"போன் பண்ணுவாங்க. நான் என்ன படிச்சேன்னு சொல்லுவீங்க?"

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "ஏதோ டைப்பிங்தானே?"

ஒலியைத் திறந்தேன்.

"வீட்டுல இருக்கிறவர் ரவுட்டரைப் பார்த்துட்டிருந்தார் மேடம். என்னைப் பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். எழுபத்தொரு நாள், ஒரு நாள் தவறாம. பேருதான் தெரியல. போலீஸ் தேடிட்டிருக்கு."