வைப்பர் சுவிட்சும் நிச்சயத் தாம்பூலமும்

ஸ்ரீபெரும்புதூர்,
14-11-1991, வியாழக்கிழமை.

மணிமங்கலம் சம்பந்தி திரு. தசரதன் அவர்கள் சமூகத்துக்கு, பொரிக்கடை நாகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் சம்சாரம் கனகம், மகள் மஞ்சுளா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாங்களும் சம்பந்தியம்மா சரோஜா அவர்களும் மாப்பிள்ளை வசந்தகுமார் அவர்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெண் கொடுக்கிறவன் பிள்ளை வீட்டுக்கு இப்படியொரு கடிதம் எழுதக் கூடாது என்று கனகம் காலையிலிருந்து பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அப்புறம் கல்யாணத்தில் தாரை வார்க்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

சித்திரையில் நான் புது வேன் எடுத்தது தங்களுக்குத் தெரியும். தேர்த் திருவிழாவில் தலையில் கூடை வைத்துக்கொண்டு பொரி விற்றவன் நாலு சக்கரம் வாங்குகிறானே என்று கடைத்தெருவே வந்து நின்றது. கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில், யாரும் தொடாமல், மேகமே இல்லாத வெயிலில், வைப்பர் தானாக எழுந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குங்குமத்தை இழுத்துப் பூசி, வண்டி யாரையோ அடித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி ஆக்கிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது. வெயிலில் ஆடும், மழையில் படுத்துக்கொள்ளும். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு நிலம் பார்க்கப் போனேன். விலை பேசிக்கொண்டிருக்கும்போது வைப்பர் வேண்டாம் வேண்டாம் என்று ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு நிலத்துக்காரர் தானாகவே விலையை இறக்கினார். அந்த ஒரு லாபத்தைத் தவிர அந்த சுவிட்சால் எனக்கு வேறு சுகமில்லை.

ஆவணியில் நிச்சயதார்த்தத்துக்கு அதே வண்டியில்தான் தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். அங்கேயும் ஆடியது. "சம்பந்தி, உங்க வண்டி எங்களுக்குக் கை ஆட்டுது பாருங்க" என்று தாங்கள் சொல்ல, பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய் உள்ளே போனார். பெண் வீட்டுக் குறையைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை என்று நான் கனகத்திடம் மெச்சிக்கொண்டேன். அன்றைக்குத்தானே தாங்கள் நடுப்பந்தலில் மார்தட்டிச் சொன்னீர்கள்? "சுவிட்ச் கம்பெனியில என் பையன்தான் இன்ஸ்பெக்டர். அவன் பச்சை முத்திரை விழாம ஒரு சுவிட்சும் கேட்டைத் தாண்டாது. முப்பத்தேழாம் நம்பர் முத்திரை, சும்மா இல்ல!" அந்த நம்பரை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். இப்போது அந்த நாலு பேரைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

புரட்டாசியில் வேன் கம்பெனியிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. இங்கிலீஷ். மஞ்சுளா படித்துச் சொன்னாள்: இந்த வருஷம் விற்ற வண்டிகளில் வைப்பர் சுவிட்ச் கோளாறாம், பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்களாம். சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள், விற்ற சரக்கை எவனாவது திரும்பக் கொண்டா என்று கூப்பிட்டுக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆனியில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், வண்டி விலை விறுவிறுவென்று ஏறிவிட்டது. பழைய விலைக்குக் கொடுத்த வண்டியை உள்ளே வாங்கிப் பூட்டிக்கொண்டு புது விலை கேட்கப் போகிறான் என்று எனக்குப் பட்டது. அதுவும் இலவசம் என்று போட்டிருந்ததா, எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். "அப்பா, மழை வர்றதுக்குள்ள போய் மாத்திட்டு வாங்கப்பா" என்று மஞ்சுளா தினம் நச்சரித்தாள். "யாவாரம் உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" என்று வாயை அடைத்தேன். இதில் என் தப்பு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கோளாறான சுவிட்சை நான் செய்யவில்லையே!

போன சனிக்கிழமை. கார்த்திகை தீபத்துக்குப் பூந்தமல்லிக் கடைகளுக்கெல்லாம் என் பொரிதான் என்பது தாங்கள் அறிந்தது. நாற்பது மூட்டை ஏற்றிக்கொண்டு நானும் டிரைவர் அப்பாவுவும் கிளம்பினோம். தண்டலம் தாண்டினதும் வானம் உடைத்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம், நடுவில் கண்ணாடி முழுக்க வெள்ளை.

"வைப்பரைப் போடுப்பா."

"போட்டுக்கினுதான் கீறேன் மொதலாளி. எழுந்துக்க மாட்டேன்னுது."

"இப்ப இன்னாதான் பண்றது?"

"கண்ணாடியில பொயலையைத் தேய்ச்சா தண்ணி நிக்காது."

"தேய்யேன், யார் வேணாம்னது?"

"இருந்ததை வாயில போட்டுக்கினேன். தண்டலத்துலயே துப்பிட்டேன்."

பிறகு மூட்டை கட்டுகிற சணல் கயிற்றை எடுத்து வைப்பர்க் கையில் கட்டி, ஒரு முனை அவன் ஜன்னல் வழியாக, ஒரு முனை என் ஜன்னல் வழியாக. நான் இழுக்கும்போது அவன் விட வேண்டும், அவன் இழுக்கும்போது நான் விட வேண்டும். ரம்பம் அறுக்கிற மாதிரி. ரெண்டு ஜன்னலும் திறந்து கிடந்ததால் வெளியே பெய்கிற மழையைவிட உள்ளே அதிகம் பெய்தது. ஒரு மைல் நன்றாகத்தான் போனோம். எதிரே பஸ் வந்தது பாருங்கள், பயத்தில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தோம். வைப்பர் நட்டநடுவில் நின்று யார் பக்கம் போவது என்று யோசித்தது. அப்பாவு ரெண்டு கையாலும் இழுத்தான். அப்போது ஸ்டியரிங்கை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். அதைத்தான் கால்வாய்க்குள் இறங்கின பிறகு நானும் அவனைக் கேட்டேன். வண்டி சாய்ந்து, தார்ப்பாய் கிழிந்து, நாற்பது மூட்டையும் தண்ணீரில். பொரி வாய் திறந்து கொட்டி கால்வாய் நெடுக வெள்ளையாக மிதந்து போகிறது. கரையில் நின்ற ஒரு அம்மா, "இன்னாண்ணே, ஆலங்கட்டியா பேஞ்சுது?" என்று என்னையே கேட்டாள். செம்பரம்பாக்கத்து மீனுக்கெல்லாம் இந்த வருஷம் தீபம் முன்னாடியே வந்துவிட்டது. எனக்கு முழங்கால் வீங்கினதோடு போயிற்று. பஸ் இன்னும் ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை கனகம்தான் எழுதியிருப்பாள், அதுவும் வேறு மாதிரி.

டிராக்டர் வைத்து வண்டியைத் தூக்கி, நேரே பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ரகுபதி என்று ஒரு மேஸ்திரி. சுவிட்சைப் போட்டான், வைப்பர் நல்ல பிள்ளையாக ஆடியது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினான், அப்போதும் ஆடியது. "நல்லாத்தானே கீது சார்?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் பக்கெட்டை வாங்கி அவன் தலையில் ஊற்றியிருப்பேன். ரிஜிஸ்தர் தபாலைப் பற்றிச் சொன்ன பிறகுதான், "ஓ, அந்த பேட்ச்சா?" என்று கழற்றினான். கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். சம்பந்தி, அதன் முதுகில் பச்சை மையில் முப்பத்தேழு.

"இது இன்னா நம்பருப்பா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"பாஸ் பண்ண இன்ஸ்பெக்டர் நம்பர் சார். ரெண்டு மாசமா இவன் போட்ட சுவிட்சைத்தான் கழட்டிக்கினு கீறோம். விரலைப் பாருங்க, தோலே போச்சு. இந்த முப்பத்தேழு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார், ஒர்க்‌ஷாப்போட போய்ப் பாத்துட்டு வரணும்."

"எந்த வூட்டுப் பிள்ளையோ" என்றேன். வேறென்ன சொல்வேன்? என் வீட்டு மாப்பிள்ளை, தை மாசம் கல்யாணம், நீங்களும் வாங்க என்று பத்திரிகையா கொடுப்பேன்?

நான் பொரி விற்கிறவன். ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில் கிடக்கிற பொரியை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் வாயைத் தைக்க விடுவேன். படி கணக்கில் விற்கிற பொரிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மனுஷன் உயிர் தொங்குகிற சுவிட்சுக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்? இன்னொன்றும் யோசித்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மஞ்சுளா காபி கொண்டுவந்து வைத்தாள், காபி ஆறுவதற்குள் மாப்பிள்ளை "பிடிச்சிருக்கு" என்றார். எவ்வளவு தங்கமான குணம் என்று அன்றைக்குப் பூரித்தேன். இன்றைக்குக் கேட்கிறேன், அதுவும் இந்த மாதிரி ஒரு பச்சை முத்திரைதானா? நாலு மாசம் கழித்து வேறு மாதிரி சொன்னால் என் பெண்ணை நான் எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுவது?

ஆகவே வளைத்துப் பேசாமல் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் மாற்றிய தாம்பூலத்தைத் திரும்ப மாற்றிக்கொள்வோம். தட்டில் வைத்த புடவை, பழம், பாக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி வரும். பழம் மட்டும் புதிது வாங்கி வைக்கிறேன். "மாத்தின தாம்பூலத்தை யாராவது திரும்பக் கேப்பாங்களா? நம்ம வழக்கத்துலயே கிடையாது" என்று கனகம் தலையில் அடித்துக்கொள்கிறாள். விற்ற சரக்கைத் திரும்பக் கூப்பிடுகிற வழக்கமும்தான் இந்த ஊரில் கிடையாது. அவ்வளவு பெரிய கம்பெனியே கூச்சப்படாமல் செய்யும்போது பொரிக்கடைக்காரனுக்கு என்ன கூச்சம்? மஞ்சுளா சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். பெற்றவனுக்கு அது தெரியாமல் இல்லை. வலிக்கும்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வலிப்பதைவிட இப்போது வலிக்கட்டும்.

தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும், தாங்கள் என்னைவிட வயதில் மூத்தவர்கள் என்பதால், இருந்த இடத்திலிருந்தே நமஸ்காரம். முழங்கால் மடங்காததால் மனசால் விழுந்ததாக வைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கு, இனிமேல் அந்தச் சொல்லை எழுதலாமோ கூடாதோ, என் ஆசீர்வாதம். எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உறவை விடவும் மனமில்லாத, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லாத,
நாகப்பன்

பி.கு.: இதை உறையில் போட்டு, ஒட்டுவதற்கு ஸ்டாம்பு கொண்டா என்று மஞ்சுளாவைக் கேட்டேன். ஸ்டாம்புக்குப் பதிலாக அஞ்சு இன்லண்டு லெட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, கதவோரம் நின்று அழுதாள். எல்லாம் மாப்பிள்ளை எழுதினது. நிச்சயம் ஆன பிறகு எழுதினது என்பதால் அதைப் பற்றி நாம் ரெண்டு பேரும் ஒன்றும் கேட்க வேண்டாம். படித்தேன். ஓவர்டைம் நேரத்தில் தூக்கக் கலக்கத்தில், குலுக்கிப் பார்க்க வேண்டிய சுவிட்சைக் குலுக்காமல் ஒரு வாரம் முத்திரை போட்டுவிட்டாராம். மேஜையில் வைத்துப் போட்டால் வேலை செய்யுமாம், ரோட்டுக் குலுக்கலில் உள்ளே தகடு நகர்ந்துவிடுமாம். நிச்சயதார்த்தத்தன்று நம் வண்டியைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே மேனேஜர் முன்னால் போய் நின்று, நான் பண்ண தப்பு, எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்றாராம். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றானாம் அவன். இவர் விடவில்லையாம். ஆயிரத்து நூறு வண்டிக்கும் தபால் போனது இவரால்தான். அதற்குப் பரிசாக முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்ட விட்டிருக்கிறார்கள். தங்களிடம்கூடச் சொல்லவில்லையாமே? இதை வைத்து அவரைத் தாங்கள் திட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். அஞ்சு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: "உங்கப்பா சுவிட்சை மாத்திட்டாரா? மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் வரல."

சம்பந்தி, முப்பது வருஷமா யாவாரம் பண்றேன். மூட்டைக்கு மூட்டை கையை விட்டுக் கடிச்சுப் பார்க்கறவன்தான். ஆனா ஒரு மழைக்காலத்துல தெரிஞ்சே நமுத்த பொரியைத் தள்ளிவிட்டிருக்கேன். அதைத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு ஒரு கடைக்காரனைக்கூட நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிஞ்சு யாரும் கேட்டதில்லை. மேலே எழுதினதையெல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் தபால் கட்டு எடுக்கிற நேரம் ஆகிவிட்டது, கையும் வலிக்கிறது. ஆகையால் தாங்கள் மேலே உள்ளதைப் படிக்காமல் பின்குறிப்பை மட்டும் படிக்கவும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் தை மாசம் வேண்டாம். கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள் பாருங்கள், எந்த நாளானாலும் எனக்குச் சம்மதம். இப்படியொரு ஆளை இன்னும் ரெண்டு மாசம் வெளியே விட்டு வைத்திருந்தால் வேறு எவனாவது பெண் வைத்திருக்கிறவன் கண்ணில் பட்டுவிடுவார்.