மூளை குறைத்த வரைபடம்

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஒரு துணைக்கால்கூடப் பொய்க்கால் இல்லை. பொய் என்றால் என் வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராமல் போகட்டும். குழாயை நம்பி வாழ்கிறவன் இதற்கு மேல் என்ன சத்தியம் செய்ய முடியும்?

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டது எங்கள் நகர நிர்வாகத்தின் 'தொட்டால் சொல்லும்' வரைபடம் ஒன்றைத்தான். நகரத்தின் வட்டங்கள், வட்டத்துக்குள் பகுதிகள், பகுதிக்குள் தெருக்கள் என்று பல்லாயிரம் எல்லைகள் ஒரே திரையில். எதைத் தொட்டாலும் அங்கே எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குப்பை என்பதெல்லாம் வண்ண வண்ணமாக எழும். எழும் என்பது திட்டம். எழுந்ததோ ஒரே ஒரு வட்டம்தான்: திரை நடுவே ஓயாமல் சுற்றும் அந்தக் குட்டி வட்டம்.

வரைந்தவருக்கு அலுவலகத்தில் 'கோட்டுக்காரர்' என்று பெயர். கோட்டு போட்டவர் அல்லர், கோடு போட்டவர். வாய்க்கால் ஒரு நெளிவு நெளிந்தால் இவர் பத்துப் புள்ளி வைத்துக் கூடவே நெளிவார். அவ்வளவு நேர்மை.

இயக்குநர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா, இது எந்த வட்டம்?"

"நம்ம வட்டம் இல்லைங்க ஐயா. இது காத்திருக்கச் சொல்ற வட்டம்."

"நல்லாத்தான் சுத்துது. மத்ததெல்லாம் எங்கே?"

"ஒவ்வொரு எல்லையிலும் ஏகப்பட்ட புள்ளி இருக்குங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல வரையச் சொன்னா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது."

"அப்போ புள்ளியைக் குறை. மூலைமுடுக்கெல்லாம் யாருக்கு வேணும்? கண் இமைக்கிறதுக்குள்ள படம் வரணும். பெரும்புள்ளிங்க வீட்டுப் பக்கம் மட்டும் கை வச்சிடாதே!"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. தட்டச்சில் ஓர் எழுத்து வழுக்கியிருந்தது: 'தேவைக்கு மேல் உள்ள மூளைகள் அனைத்தும் உடனடியாக நீக்கப்பட வேண்டும்.' எல்லாரும் படித்தார்கள், எல்லாரும் கையெழுத்திட்டார்கள், ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. வந்த அன்றே முழுமையாக அமலான சுற்றறிக்கை, அலுவலக வரலாற்றில் அது ஒன்றுதான்.

கோட்டுக்காரர் எல்லைக் கோடுகளில் புள்ளிகளைச் செதுக்கித் தள்ளத் தொடங்கினார். இரண்டு வட்டங்களுக்கு நடுவே கோடு ஒன்றுதான். அவரோ இந்த வட்டத்துக்கு ஒரு தடவை, அந்த வட்டத்துக்கு ஒரு தடவை என்று அதே கோட்டைத் தனித்தனியே செதுக்கினார். பேசாத பங்காளிகள் மாதிரி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொள்ள, நடுவே வெள்ளையாக ஒரு கீற்று விழுந்தது. ஆனால் படம் இமைப்பதற்குள் வந்தது! இயக்குநர் நாலு தரம் இமைத்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

அந்த வெள்ளைக் கீற்றில் ஒரு சந்து இருந்தது. சந்தில் கோட்டுக்காரரின் வீடு இருந்தது. எதிர்வீட்டில், புளுகுக்குப் பேர்போன ஒரு கிழவரும் இருந்தார். அவரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மாலையில் வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, குழாய்ல வெறும் காத்துதான் வருது. தண்ணி திறந்துவிடறவரைக் கேட்டா, 'அக்கா, உங்க சந்து படத்துல எந்த வட்டத்துலயும் இல்லை, நான் எந்த வால்வைத் திறக்கறது?'ங்கறார். எந்தப் புண்ணியவான் போட்ட படமாம்?"

புண்ணியவான் காலி வாளியை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா? 'கோடு போட்டா ரோடு போட்டுடுவார்'னு சொல்லித்தானே எங்கப்பா கட்டிவச்சாரு! நீங்க கோடு போட்டு, இருந்த ரோடும் போச்சே!"

மறுநாள் கோட்டுக்காரர் இயக்குநர் முன் கைகட்டி நின்றார்.

"ஐயா, நாலே நாலு புள்ளி திரும்பச் சேர்த்தா எங்க சந்து வந்துடும்."

"எவ்வளவு தாமதமாகும்?"

"அரை இமைப்புங்க."

"ஒரு சந்துக்காக நகரமே அரை இமைப்பு காத்திருக்கணுமா? நாடு முன்னேறுமாய்யா? குறை இருந்தா முறைப்படி புகார் கொடுக்கச் சொல்லு."

மனைவி முறைப்படி புகார் கொடுத்தாள். 'உங்கள் வட்டத்தைத் தொடவும்' என்றது வரைபடம். வெள்ளைக் கீற்றைத் தொட்டாள், தடவினாள், கிள்ளினாள். அசைவில்லை. பிறகு வாளியோடு நேரே இயக்குநர் அறைக்கே போய்விட்டாள்.

இயக்குநர் தாமே கீற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"அங்கே யாரும் இல்லையேம்மா."

"நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?"

"நீங்க இங்கேதானேம்மா நிக்கிறீங்க? அங்கே இல்லையே! படம் ரொம்பச் சரி."

"அப்போ என் வீடு?"

"எந்த வட்டத்துல இருக்கு?"

"எந்த வட்டத்துலயும் இல்லைன்னுதானே சொல்ல வந்தேன்!"

"பாருங்க, நீங்களே ஒத்துக்கிறீங்க" என்று சொல்லி இயக்குநர் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பண்பாளர்.

ஆண்டு முடிவில் கணக்கெடுத்தார்கள். தண்ணீர் வரும் வட்டங்களிலிருந்து புகார் வரவில்லை, தண்ணீர் வருகிறதே! தண்ணீர் வராத இடங்களிலிருந்தும் புகார் வரவில்லை, அவைதான் இல்லையே! 'குறையே இல்லாத நகரம்' என்று பாராட்டி ஒரு வெள்ளிக்கோப்பை கொடுத்தார்கள். மேடையில் இயக்குநரின் பின்னால் நின்று கைதட்டிய கோட்டுக்காரரிடமே அதை ஒப்படைத்து, "உன் உழைப்புய்யா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒரு நாள் வச்சுக்கோ" என்றார் இயக்குநர்.

மனைவி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பளபளன்னுதான் இருக்கு. கழுவி வைக்கலாம்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான். அந்த எதிர்வீட்டில், அதாவது என் வீட்டுக் குழாயில், இன்றுவரை சொட்டுத் தண்ணீர் வரவில்லை.