அக்காவின் கோட்டும் அத்தானின் சட்டையும்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, ஒரு வாரமாக எங்களோடு இருக்கும் உங்கள் மனைவி ஆகியோர் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. உங்கள் இடுப்பைக் கடைசியாக அளந்தவன் நான்தான்.

அக்காவைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பிரிவுத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள் என்பது உங்கள் காதில் விழுந்திருக்கும். பதவி வந்தபோதே, இனி பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று பேச ஒரு கோட்டு வேண்டும் என்றாள், முதல் பேச்சு இந்த வெள்ளிக்கிழமை. கடையில் எடுத்தால் தோள் சரியாக இருக்கும்போது இடுப்பு தொளதொளக்கிறது, இடுப்பு சரியாக இருந்தால் கையைத் தூக்க முடியவில்லை. "நாள்பூரா கம்ப்யூட்டர்ல பம்பு வரையறியே, எனக்கு ஒரு கோட்டு வரைஞ்சு தாயேன்டா" என்றாள். நான் பம்பின் வெளிக்கூட்டை வரைகிறவன். அதற்குள் அழுத்தம் உண்டு, சுழற்சி உண்டு, கசிவு உண்டு. கோட்டுக்குள் அக்கா மட்டும்தானே, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துத் தொலைத்தேன். வெட்டுப்படம் வரைந்து தரும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். ஓர் ஆளின் அளவுகளைக் கொடுத்தால் அந்த ஆளின் உடம்புக்கென்றே படம் வரைந்து தரும். தாள் தாளாக அச்சிட்டு ஒட்டி, துணிமேல் வைத்து வெட்டித் தைக்க வேண்டியதுதான். அளவெடுத்த அன்று நீங்களும் பக்கத்தில் நின்று, "இன்ஜினியர், அப்படியே எனக்கும் ஒரு சட்டை போட்டுரு" என்றீர்கள். சரி என்று உங்களையும் அளந்து வைத்தேன்.

பழைய படுக்கை விரிப்பில்தான் முதல் மாதிரியைத் தைத்தேன். அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குகிறேன் பேர்வழி என்று படத்தை லேசாகச் சுருக்கிவிட்டது எனக்குத் தெரியாது. அக்கா அதற்குள் எப்படியோ நுழைந்துவிட்டாள், வெளியே வரத்தான் முடியவில்லை. அம்மா கத்தரிக்கோலோடு வந்து மீட்டாள். இரண்டாவது மாதிரிக்குத் தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பி ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா குளித்துவிட்டு ஈரக்காலோடு முதுகுப்பக்கத்தின்மேல் நடந்து போனார். "நடக்கிற இடத்துல எதுக்குடா காகிதத்தைப் பரப்புற?" என்று கோபம் வேறு. அதை மறுபடி ஒட்டி முடித்துத் தைத்தால், தையலுக்கு விட வேண்டிய ஓரத்துணியைச் சேர் என்று நான் மென்பொருளுக்குச் சொல்லவே இல்லையாம். சொல்லாததைச் செய்ய அதென்ன மனைவியா? மூன்றாவது மாதிரிதான் உட்கார்ந்தது. அக்கா கையைத் தூக்கினாள், குனிந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்றாள். அந்த அளவிலேயே நல்ல துணியை வாங்கி வெட்டினேன்.

எல்லாம் அதற்கப்புறம்தான் கெட்டது. மாதக்கணக்கில் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, எனக்கும் ஆலையில் வேலை. ஒருவழியாகக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். தோள் கீழே சரிகிறது, முதுகில் துணி மடிந்து தொங்குகிறது. ஆணியில் மாட்டிய மாதிரி இருந்தது. நான் மென்பொருளைத் திட்டினேன். அளவெடுத்த நாடா இழுபட்டுப் போயிருக்கும் என்று இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அச்சுப்பொறியைச் சோதித்தேன். துணிக்காரரிடம் போய், துணி தானாக விரியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் மென்பொருள் செய்தவர்களுக்கே காரசாரமாக எழுதினேன். "எங்கள் கணக்கில் பிழை இல்லை. அளவெடுக்கப்பட்டவரை மறுபடி அளந்து பார்க்கவும்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கோபத்தோடுதான் நாடாவை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

அன்று நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், உங்களுக்கு அது சாதாரண ஞாயிறு. சும்மா எட்டிப் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் நண்பர்கள் இருவர் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள், உங்கள் தாயார், அவர்கள், நான் எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். சட்டியின் அடியில் கரண்டி உராயும் சத்தம் எனக்குக் கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. "நீ சாப்பிடலையாக்கா?" என்றேன். "சமைச்ச வாசனையிலேயே வயிறு நெறைஞ்சிடுச்சுடா" என்றாள். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்கக்காவுக்குப் பசியே எடுக்காது இன்ஜினியர். இந்த வீட்டுல செலவே வைக்காத ஆளு அவதான்" என்றீர்கள். நண்பர்கள் சிரித்தார்கள். உங்கள் தாயார், "அவ உடம்பு வாகு அப்படிப்பா" என்றார். அந்த உடம்பின் வாகு என்னிடம் பதிவில் இருக்கிறது, அத்தான். இது அது இல்லை.

சாப்பிட்டு முடித்து அவளை அளந்தேன். மார்பு, இடுப்பு, மேல்கை எல்லாம் இறங்கியிருந்தது. பிறகு அன்றைக்கு எடுத்த அளவில் தைத்துக் கொண்டுவந்திருந்த உங்கள் சட்டையைப் போட்டுப் பார்த்தோம், பொத்தான் துளைக்கு எட்டவில்லை. "துணி சுருங்கிடுச்சா?" என்று கேட்டீர்கள். தண்ணீரே படாத துணி அத்தான். உங்களையும் அளந்தேன். அக்காவிடம் காணாமல் போனது முழுசும் உங்களிடம் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது, கொஞ்சம் வட்டியும் போட்டு. எங்கள் ஆலையில் ஒரு தொட்டியில் மட்டம் இறங்கி இன்னொன்றில் ஏறினால் நடுவே குழாய் எங்கே என்றுதான் தேடுவோம். அந்தக் குழாயை உங்கள் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிட்டேன்.

கோட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அன்று மாலையே அவளைக் கூட்டிவந்தேன். முதல் நாள் எங்கள் வீட்டிலும் கரண்டியோடுதான் நின்றாள். அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. நேற்று மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அப்பா சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விட்டார், அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அடித்தீர்களா, திட்டினீர்களா, ஒன்றுமில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரே மேசையில் தினம் உட்கார்கிற மனுஷனுக்குத் தெரியாதது, எங்கோ கிடக்கிற ஒரு மென்பொருள் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே அக்கா இப்போதைக்கு அங்கே வரமாட்டாள். பரிமாற நீங்களே பழகுங்கள், சட்டியில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்கப் பழகுங்கள். அதுவரை கூப்பிடவும் வேண்டாம். கோட்டைப் பிரித்து அவளுடைய இப்போதைய அளவுக்குப் பிடித்துத் தைக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை அவள் இங்கிருந்தே போவாள்.

உங்கள் தாயாருக்கு என் நமஸ்காரம். நண்பர்களுக்கும் சொல்லவும், அடுத்த வேளைக்கு எப்படியும் வருவார்கள். நீங்கள் நீடு வாழ வேண்டும். அகலமாக வாழ்வது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: இதை எழுதி முடித்த கையோடு நீங்கள் அக்காவுக்குப் போன் செய்தீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள் என நினைத்து நான் கொஞ்சம் பயந்தேன், மேலே எழுதியதில் பாதியை அடிக்க வேண்டியிருக்குமே என்று. நீங்கள் டீ வடிகட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். "பாவம்டா, ஒரு வாரமா தூளோட குடிக்கிறார் போல" என்று சொல்லிக்கொண்டே பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா பேசிப் பார்த்தாள், நான் கத்திப் பார்த்தேன். மேசையில் கிடந்த இந்தக் கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டு, "கிழிச்சுப் போடு. அவர் மனசு கஷ்டப்படும்" என்றாள். கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே மேலே உள்ளது எதுவும் நடக்காது, அவள் காலை வண்டிக்கு அங்கே வருகிறாள். உங்கள் சட்டைக்கு இரண்டு பக்கமும் துணி வைத்துப் பெரிதாக்கிவிட்டேன், அதன் பைக்குள் இந்தக் கடிதம் இருக்கிறது. சட்டை துவைக்கப் போவதற்குள் படித்துவிடுங்கள். கோட்டைப் பிரிக்கவில்லை. தொங்குவது யார் கண்ணிலாவது படட்டும் என்று முதலில் எடுத்த அளவிலேயே விட்டுவிட்டேன். அளவு பொருந்தாது என்று தெரிந்தே என் கையிலிருந்து ஒரு பொருள் வெளியே போவது இதுதான் முதல் தடவை. அக்கா போட்டுப் பார்த்தாள். லூசாக இருப்பது பரவாயில்லையாம், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாதாம்.