பாராசூட் மாமாவுக்கு, மூன்றடியில் விழுந்த மருமகன் எழுதுவது

தருமபுரம், காரைக்கால்.
வியாழன், மத்தியானம்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பிலோமின்ராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகன் டென்னிஸ் ஒற்றைக் காலில் நின்றபடி எழுதும் வணக்கம். (உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் முதலும் கடைசியுமான பொய் இது.) மாதா தயவில் இங்கே அம்மாவும் அப்பாவும் சுகம். அப்பாவின் கடவாய்ப் பல்லைத் தவிர மற்ற பல்லெல்லாம் சுகம். அங்கே பிரான்ஸ் குளிரில் நீங்களும் பெனிட்டா அத்தையும் ஜெனிஷாவும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவீர்கள். அத்தை பின்னாலிருந்து சிரிப்பார். ஜெனிஷா பதிவு செய்வாள். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் கேட்கிற விஷயம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மட்டும் படியுங்கள்.

நான் குதிக்கவில்லை மாமா.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் பதிவு செய்து கொடுத்தபடி, பெங்களூருக்கு அப்பால் அந்த விமானத் திடலில், பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடியிலிருந்து குதித்தேன், தரையைத் தொடும்போது காற்று திரும்பிக் கணுக்கால் ஒடிந்தது என்று சொன்னேன் அல்லவா? அதில் பிறந்தநாள் உண்மை, பெங்களூர் உண்மை, கணுக்கால் உண்மை. காற்று, வானம் எல்லாம் நான் கட்டியது.

இது எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கே தெரியும். புத்தாண்டு விருந்தில் நான்தான் கத்தினேன், இந்த ஊரில் ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லை, வண்டியில் மோதினவன் கட்சிக்காரன் என்றால் அடிபட்டவன் எழுந்து மன்னிப்புக் கேட்கிறான், இப்படி ஒரு ஜனம் உருப்படுமா என்று. நீங்கள் பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பேச்சு கெடக்கட்டும்டா, குதிப்பியா?" என்றீர்கள். கூடத்துச் சுவரில் சிவப்புத் தொப்பியும் பாராசூட்டுமாக நீங்கள் தொங்குகிறீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் நூற்றுப் பத்து தடவை குதித்தவர் கேட்கும்போது அக்காள் மகன் என்ன சொல்வான்? "குதிப்பேன்" என்றேன்.

அதன் பிறகு ஒரு மாதம் நான் படிக்காத புள்ளிவிவரம் இல்லை. வானத்திலிருந்து குதிப்பதில் உயிர் போவது லட்சத்தில் ஒருவருக்குக்கூட இல்லை, அடிபடுகிறவர்களும் பெரும்பாலும் தரையைத் தொடும்போதுதான் படுகிறார்கள், அதிலும் கால்தான் என்று மனப்பாடமாகச் சொல்வேன். நாகூர் பஸ்ஸில் படியில் தொங்குவதைவிட இது பத்திரம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். அங்கே போனால் நாலு பக்கத்துக்கு ஒரு படிவம், கால் போனாலும் முதுகு போனாலும் உயிரே போனாலும் யாரையும் கேட்க மாட்டேன் என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தலைக்கு ஒன்று கண்ணுக்கு ஒன்று மாட்டினார்கள், மார்பிலும் தொடையிலும் கட்டின பட்டைகளை இரண்டு பேர் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார்கள். மேலே போனதும் கதவைத் திறந்தார்கள். ஒரு ஏரி கைக்குட்டை அளவில் கிடந்தது. எனக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்த அறுபது வயது அம்மாள், "முருகா" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆள் இல்லை. அடுத்தது நான். மனப்பாடம் செய்த ஒரு எண்கூட நினைவுக்கு வரவில்லை மாமா. கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாமா" என்று கத்தினேன். உங்களைத்தான்.

முதுகில் கட்டியிருந்த பயிற்சியாளர் திண்டுக்கல்காரர், நல்ல மனுஷன். "தம்பி, புடிக்கலேன்னா வேணாம். உங்க உசுரு, உங்க முடிவு" என்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். விமானத்திலேயே இறங்கினோம். பட்டையைக் கழற்றிவிட்டார்கள். மண்ணைக் கண்ட சந்தோஷத்தில் படியில் கால் வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அப்படியே குதித்துவிட்டேன். மூன்றடி இருக்கும். விறகு ஒடிகிற சத்தம் கேட்டது.

"என்னா தம்பி, பத்தாயிரம் அடி வேணாம்னீங்க, மூணு அடிக்கு இம்புட்டு அவசரமா?" என்றார் திண்டுக்கல்காரர்.

அன்றைக்குக் குதித்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் நடந்துபோய் டீ குடித்தார்கள், அந்த அம்மாள் இரண்டு டீ. அடிபட்ட ஒரே ஆள் குதிக்காதவன். விபத்துப் பதிவேட்டில் வெளியேறும்போது, வானத்தில், தரையைத் தொடும்போது என்று மூன்று கட்டம்தான் இருந்தது. எழுதின பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துவிட்டு, கடைசியில் ஓரத்தில் 'படி' என்று எழுதினாள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதையே எழுதிவிட்டார்கள். அந்தச் சீட்டை மடித்து, கூடத்தில் உங்கள் படத்துக்குப் பின்னால்தான் செருகி வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே கால் ஒடிந்த சேதி கேட்டு நீங்கள் போன் செய்தீர்கள். "என்னடா மாப்ள, லேண்டிங்ல வாங்கிட்டியா?"

மூச்சு இழுத்துவிடும் நேரம்தான். "ஆமா மாமா."

"சபாஷ்! எங்க ரெஜிமென்ட்ல கால் ஒடையாதவன் ஆம்பளையே இல்லடா!"

பின்னால் அத்தை கைதட்டுகிற சத்தம். ஸ்பீக்கர்.

இதோடு நின்றிருந்தால் எனக்கும் உங்களுக்கும் நடுவிலேயே போயிருக்கும். ஊருக்கு வந்தால் டீக்கடையில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். பொதுக்குழாய்க்கும் சாக்கடைக்கும் மனு எழுதிக்கொண்டு கூவினபோது ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கட்டுப்போட்ட காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்ததும் பத்துப் பேர் வாயைப் பார்க்கிறார்கள். சுகமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. "மேலேருந்து வரும்போது கால எப்புடி வச்சுக்கணும்?" என்று கேட்டார்கள். முழங்காலை மடக்கிக் காலைச் சேர்த்து வைத்துப் பக்கவாட்டில் உருண்டுவிடு என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தான் அனுப்பினீர்கள். நான் காதில் வாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "கம்பு மாதிரி வெறப்பா வச்சுக்கணும். மடக்குனா போச்சு."

கேட்டவர்களில் ஒருவன் கார்த்திகேசன். பஞ்சநாதன் மகன், என்னோடு பத்தாவது வரை படித்தவன். அப்பாவோடு வயலுக்குப் போவான், மற்ற நேரத்தில் பேனர் கட்டுவான். இரண்டு வருஷமாக விடிந்ததும் கடற்கரையில் ஓடுகிறான். போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு, அடுத்த மாதம் இருபதாம் தேதி. வயது வரம்புக்கு இதுதான் அவனுக்குக் கடைசித் தடவை.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குக் கோயில் இளைஞர்கள் எனக்குப் பாராட்டு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பட்டினத்தில் சொல்லிப் பன்னிரண்டு அடிக்கு பேனர் அடித்து அனுப்பினீர்கள். 'விண்ணை வென்ற வீரன், பாராசூட் குடும்பத்தின் இளஞ்சிங்கம்.' முன்னால் நான், பின்னால் மேகத்துக்குள் நீங்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை கார்த்திகேசன் அதைத் தெருமுனையில் விளக்குக் கம்பத்துக்கும் தென்னைக்கும் நடுவே கட்டினான். கட்டி முடித்து, பேனர் கடைக்காரர் ஏணியை வண்டியில் ஏற்றியும் ஆயிற்று. நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இளஞ்சிங்கமாக உட்கார்ந்திருக்கிறேன்.

"போதுமாடா மச்சான்?" என்றான்.

"மூஞ்சி தெரியலடா. கேபிள் ஒயரு குறுக்க வருது. இன்னும் ரெண்டடி தூக்கு."

நான்தான் சொன்னேன். என் மூஞ்சிக்காகத்தான் ஏணியை மறுபடி இறக்கி ஏறினான். இடுப்பில் கயிறு இல்லை. தலையில் ஒன்றும் இல்லை. யாரும் படிவம் நீட்டவில்லை, ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. பொழுதுபோகாமல் விழப்போகிறவனுக்கு ரெண்டு பேர் பட்டையை இழுத்துப் பார்க்கிறார்கள், பிழைப்புக்கு ஏறுகிறவனுக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொள் என்று சொல்வதோடு சரி. இதைப் பற்றி நானே மேடை போட்டுப் பேசியிருப்பேன், ஏறச் சொன்னவன் வேறு யாராவதாக இருந்திருந்தால். ஏணி சறுக்கியது. அவன் குதித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குதிகால் நொறுங்கியிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எலும்பும் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் சிரிக்கிறான் மாமா.

"நீ சொன்ன மாதிரியேதான்டா வச்சேன். கம்பு மாதிரி. ஒனக்கு மட்டும் கணுக்காலோட போச்சு, எனக்கு ஏன்டா ரெண்டு எடத்துல போச்சு?"

அவன் அம்மா பெரியநாயகி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகாசத்துலேருந்து வுழுந்த புள்ள நீங்களே எந்திரிச்சு நடக்குறீங்க தம்பி. எம்புள்ளைக்கு வுழவும் தெரியல பாருங்க. செத்த நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றது. குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டது. நான் மூன்றடியில் விழுந்தவன், பதினைந்து அடியில் விழுந்தவனின் தாய்க்கு முன்னால் ஊன்றுகோலோடு நின்றேன்.

கடைக்காரர், "வேல முடிஞ்சிபோச்சு, அப்பறம் ஏறுனது அவன் இஷ்டம்" என்று கையை விரித்துவிட்டார். ஏன் மறுபடி ஏறினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். "சும்மாதான்" என்கிறான். என் பெயரைச் சொல்லவே இல்லை. முதுகெலும்பு இல்லாத ஊர் என்று நான் சொன்ன ஊரில்தான் அவனும் இருக்கிறான்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற அறையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள், கார்த்திகேசன் காலுக்கும் அவள்தான் கட்டுப் போட்டாள். நான் வந்த அன்றைக்கே என் எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "தரையத் தொடும்போதா?" என்றாள். "ஆமாம்மா." "ம்." அவ்வளவுதான். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய் வெள்ளியில் ஒரு காலும் ஒரு வாயும் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வந்தாள். கால் எனக்கு, வாய் அப்பாவின் பல்லுக்கு. அன்றிலிருந்து வலி பாதி குறைந்துவிட்டது என்று அப்பா முறுக்கு கடிக்கிறார். என் பொய்க்காக வெள்ளிக் கால் மாதா காலடியில் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கொடியேற்றத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. இது கிடைத்ததும் நீங்களே அம்மாவுக்குப் போன் செய்து பக்குவமாகச் சொல்லுங்கள். தம்பி சொன்னால் தாங்குவாள். கோயில் சாமியாருக்கும் ஒரு போன் போட்டு டாக்டர் வெளியே போகக் கூடாது என்கிறார் என்று பாராட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பேனரைக் கழற்றவும் சொல்லுங்கள், வேறு ஆளை ஏற்றாமல். நான் அதற்கு முன்னாலேயே சென்னைக்குப் போய்விடுகிறேன். கார்த்திகேசனுக்கு அங்கிருந்து எழுதிக்கொள்கிறேன்.

உங்களுக்கும் அத்தைக்கும் மாதா துணையிருக்கட்டும். உங்கள் முழங்கால்கள் நூற்றுப் பத்துக்கும் பிறகு இன்னும் பல்லாண்டு மடங்கட்டும். ஜெனிஷாவுக்கு என் அன்பு. இதை அவளிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தலை குனிந்த
மா. டென்னிஸ்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா ஒட்டுவதற்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அடுப்படியில் நின்றே எல்லாப் பக்கமும் படித்துவிட்டு வந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு ஒம் மாமனுக்குச் சொல்ற? மாசத்துக்கு நாப்பது பேரு இதே கணுக்காலோட வர்றானுவ. ஒருத்தனும் ஆகாசத்துலேருந்து வல்ல, எல்லாம் படிலேருந்துதான். படத்துக்குப் பின்னாடி இருந்த சீட்டையும் அன்னிக்கே தூசி தட்டும்போது பாத்தேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்டா."

"அப்ப அந்த வெள்ளிக் கால்?" என்றேன்.

"ஒனக்கு எதுக்குடா கால்? அது கார்த்திகேசனுக்கு. வாய்தான் ஒனக்கு."

"அப்ப எம் பல்லு?" என்றார் அப்பா, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு. கேட்டதும் வலி திரும்பிவிட்டது, இப்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அம்மா என்முன் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். "மனு எழுதுறதுல பெரிய ஆளுல்ல நீ? எழுது. அந்தப் புள்ளைக்குத் தேர்வத் தள்ளிப் போடணும்னு எழுது. ரெண்டாந்தடவ ஏறச் சொன்னது யாருன்னு அதுலயே எழுது, பேரோட." எழுதிவிட்டேன். தள்ளிப்போடுவார்களா தெரியாது. நாளைக்கு அவளோடு ஆட்டோவில் போய்ப் போலீஸ் ஆபீஸில் கொடுத்துவிட்டு, பிறகு பெரியநாயகியிடம் போய் உண்மையைச் சொல்கிறேன்.

ஆகவே மாமா, மேலே நான் கேட்ட எதையும் செய்ய வேண்டாம். பாராட்டை நிறுத்த வேண்டாம், மைக் எனக்கு வேண்டியிருக்கிறது. சென்னைக்கும் போகவில்லை. கொடியேறும் ஞாயிறு பூசை முடிந்ததும் போன் போடுங்கள். ஸ்பீக்கரிலேயே போடுங்கள்.