மடிப்பு வைத்த சாரம்

அன்று காலை பஸ் தரிப்பில் நின்றவர்கள் இவர்கள். நான். மதுரைச் செல்வம். நாயோடு ஒரு கிழவர், அவர் பஸ்ஸுக்கு வரவில்லை, குந்த வந்தவர். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள், ஒரு கூட்டம். பிறகு கில்ட் அண்ணை.

ஆக்லாந்தில் கில்ட் கட்டித் தெருவில் இறங்கிய முதல் யாழ்ப்பாணத்தான் அவர்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள். கண்ணால் கண்ட சாட்சி நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பழைய பலகை வீடு. மூன்று அறை, மூன்று ஆண்கள். நானும் அவரும் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. செல்வம் கணக்கியல் படிக்க வந்தவர். குளிர்ப்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. ஒருவருடைய பாலை மற்றவர் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கதவும் சாத்தியிருக்கும். மூன்று ரேடியோவும் கேட்கும்.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. சம்பளக் கவரில் அடித்திருக்கும். ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் சாரம் அண்ணை. பிறகு கில்ட் அண்ணை.

சாரம், செல்வத்தின் ஊரில் கைலி, அவருக்கு ஆசையால் வந்ததல்ல. ஊரில் ஷெல் விழுந்தபோது இரண்டு தொடையும் எரிந்துவிட்டன. வேறு இடத்துத் தோலை வெட்டி ஒட்டியிருந்தார்கள். காற்சட்டை உரசினால் புண். வேலைக்குத் தொளதொளவென்று ஓர் ஓவரோல் போடுவார். வேலை முடியும்வரை தாங்கும். வீட்டுக்கு வந்தால் சாரம். பிறகு வெளியே போக முடியாது. லீவு நாளிலும் முடியாது. புண் ஆற அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

ஆகவே தொழிற்சாலை, வீடு. வீடு, தொழிற்சாலை. ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இருக்கிற ஊர். அவர் கடலைப் பார்த்ததில்லை.

"ஒருக்கா துறைமுகத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிக்கவேணும், தம்பி," என்பார். "வேற ஒண்டும் வேண்டாம்."

ஒரு நாள் சாரத்தோடு மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனார். கடைக்கார மனுசி வீட்டில் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டாள். படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். திரும்பி வரும்போது ஆக்லாந்துக் காற்று பிடித்துக்கொண்டது. பாலைப் பிடித்தால் சாரம் போகும். சாரத்தைப் பிடித்தால் பால் போகும். பால் போனது.

பக்கத்து வீட்டில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி செத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவர் தங்கள் ஊர் ஆண்கள் கட்டும் கில்ட்டைக் கட்டிக்கொண்டு புல் வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு அப்படியே பேப்பர் வாங்கத் தெருவால் நடந்து போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஆள் யன்னல் சீலையை விலக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இஞ்ச ஓடி வா. அந்தாள் கட்டியிருக்கிறது என்ன?"

"கில்ட், அண்ணை."

"கில்ட்டும் மண்ணும். அது சாரம். மடிப்பு வைச்ச சாரம். அவர் கட்டினா உடுப்பு. நான் கட்டினா படுக்கை விரிப்போ?"

அன்று தொடங்கியது. சாப்பாட்டிலும் கில்ட். வாளி அடுக்கும்போதும் கில்ட். அவருக்கு வேண்டியது கலியாணத்துக்குக் கட்டுகிற கில்ட் அல்ல. நாளாந்தம் கட்ட ஒன்று. தோய்க்க வேண்டும், காய வேண்டும், கடிக்கக் கூடாது, விலை குறைய வேண்டும்.

நகரத்தில் ஒரு கடை இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். புண்ணோடுதான் வந்தார். பஸ்ஸுக்குள் ஆசனத்தில் இருக்கவில்லை, நின்றுகொண்டே வந்தார். கடைக்காரன் கழுத்துப் பட்டி கட்டிய பெடியன். முதல் கேள்வியே நீங்கள் எந்த வம்சம் என்பதுதான். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒவ்வொரு கட்டம் இருக்கிறதாம். நான் மொழிபெயர்த்தேன். அண்ணையின் முகம் கறுத்தது.

"எட கோதாரி! இவ்வளவு கடல் தாண்டி வந்தும் இவங்களும் எந்தப் பகுதி, என்ன சாதி எண்டுதானே கேக்கிறாங்கள்!"

துணியைத் தொட்டுப் பார்த்தார். கம்பளி. விலையையும் பார்த்தார். "இது என்ர தொடையைத் தின்னும். அந்த விலை உன்ர தொடையையும் தின்னும். வா போவம்." கடலடி அங்கிருந்து பத்து நிமிட நடை. அவரால் நடக்க முடியவில்லை. பஸ் ஏறினோம்.

அடுத்த கிழமை எனக்கு வேலை. அவர் தனியாக எல்லர்ஸ்லி பக்கம் பழைய உடுப்புக் கடைக்குப் போய் வந்தார். கையில் ஒரு பை. பையில் ஒரு கில்ட். கடும் நீலமும் பச்சையும் கலந்த கட்டம். மெல்லிய துணி. ஓரத்தில் கொளுக்கி. விலை ஒரு பாணும் ஒரு மீன்ரின்னும் வாங்குகிற காசு.

"அங்க மூண்டு தொங்கினது தம்பி. மூண்டும் ஒரே கட்டம். ஏதோ பெரிய வம்சம் போல."

செல்வம் தடவிப் பார்த்தார். "ஆமாண்ணே, நல்ல துணிதான். ஆனா கொஞ்சம் குட்டையா இருக்கே?"

"வெக்கைக்கு நல்லது."

எங்கள் வீட்டில் குழந்தை இல்லை, குடும்பம் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் அவ்வளவாக இல்லை. இந்த ஊரில் பெண்பிள்ளைகள் குளிர்காலத்தில் என்ன கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று யார் பார்த்தது? அந்த நேரத்தில் நாங்கள் வாளியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் லீவு கிடைத்தது. துறைமுகத்தடிக்குப் போவது என்று முடிவு. செல்வம் அதே பஸ்ஸில் படிக்கப் போகிறார். நானும் செல்வமும் முன்னால் போய்த் தரிப்பில் நின்றோம். பிள்ளைகள் வந்தார்கள். கடும் நீலமும் பச்சையும். நான் செல்வத்தைப் பார்த்தேன். செல்வம் என்னைப் பார்த்தார்.

"சொல்லிருவோமாண்ணே?"

அதற்குள் அவர் வந்துவிட்டார். தலை சீவி, சேர்ட்டை இஸ்திரி போட்டு, மடிப்பை முன்பக்கம் விட்டு. முன்னுக்கு வந்தால்தான் வடிவு என்பது அவர் எண்ணம். இரண்டு கையும் சும்மா வீசிக்கொண்டு வந்தார். அப்படி அவர் நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு பிள்ளை கிட்ட வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள்.

"என்னவாம், தம்பி?"

"நீங்கள் எந்த வகுப்பு எண்டு கேக்கிறா, அண்ணை."

அவர் யோசித்தார். "எட்டாம் வகுப்பு எண்டு சொல்லு. அதோடதான் விட்டனான்."

செல்வத்தால் முடியவில்லை. தரிப்புக்குப் பின்னால் போய்விட்டார். நாயோடு இருந்த கிழவர் சிரிப்பை மறைக்கத் தும்மினார். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மடிப்புப் பின்னால் வரவேண்டும் என்று திரும்பி நின்று தன்னுடையதைக் காட்டினாள். அப்போதுதான் அவர் தன் வம்சத்தைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக, கடைசிப் பிள்ளை வரைக்கும் பார்த்தார்.

பஸ் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். செல்வமும் ஏறினார். கில்ட் அண்ணை ஏறவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தார். இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு கில்ட் பேச்சை நிறுத்திவிட்டார். கடலைப் பற்றியும் சொல்வதில்லை. செல்வம் கதவில் தட்டி மன்னிப்புக் கேட்டார். "இல்லை இல்லை, நீர் போய்ப் படியும்," என்று உள்ளே இருந்தே பதில் வந்தது. கில்ட்டைத் தோய்த்துத் தன் யன்னலில் திரைச்சீலையாக மாட்டினார். ரேடியோவும் கேட்கவில்லை.

அந்தத் திரைச்சீலையைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் கண்டார். வந்து கதவைத் தட்டினார். இந்த வீட்டில் பெண்பிள்ளை யாராவது வந்து இருக்கிறாளா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எங்கள் குசினிக் கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு, அந்த ஆளைக் கூப்பிடு என்றார்.

கில்ட் அண்ணை வந்து சுவரோடு நின்றார். ஸ்கொட்லாந்துக்காரர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கம்பளி வேண்டாம். கலப்புத் துணியில், வழமையாகப் போவதில் பாதி வைத்துத் தைத்தால் போதும், மெஷினில் தோய்க்கலாம். கட்டத்துக்கு வம்சம் தேவையில்லை, வெறும் சாம்பல் நிறத்திலும் வரும். எனக்குத் தைத்துத் தருகிற ஒரு பொம்பிளை இருக்கிறாள், நியாயமான விலைதான் எடுப்பாள். டெலிபோனில் அளவு சொன்னால் தபாலில் வரும். ஆனால் உன் அளவை நீயே எடுக்காதே. குனிந்தால் அளவு மாறும். கொப்பூழுக்கு நேரே இன்னொருவர் எடுக்க வேண்டும்.

நம்பரையும் அளவு நாடாவையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வரை இரண்டும் மேசையிலேயே கிடந்தன. எங்கள் வீட்டில் ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் கேட்பதில்லை. நான்தான் நாடாவை எடுத்தேன். "கையைத் தூக்குங்கோ, அண்ணை," என்றேன். தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். சாரத்துக்கு மேலால் சுற்றினேன். மெலிந்துபோயிருந்தார். கடைசியாக அவரை யார் தொட்டார்கள் என்று தெரியாது. டாக்டராக இருக்கும்.

நம்பரைச் சுழற்றினேன்.

"விடு தம்பி," என்றார். "வந்தாலும் நான் போகமாட்டன். ஒருத்தன் தனியக் கட்டிக்கொண்டு நிண்டா விசரன் எண்டுதான் பாக்கிறாங்கள்."

அந்தப் பக்கம் பொம்பிளை எடுத்துவிட்டாள். சாம்பல் நிறம் என்றேன். அவருடைய அளவைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். ஒன்று போதுமா என்று கேட்டாள்.

இரண்டு என்றேன். மற்றது எனக்கு.

உங்கள் இடுப்பு அளவு என்ன என்று கேட்டாள். தெரியாது. டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நாடாவை அவரிடம் நீட்டினேன். கையைத் தூக்கினேன்.

அவர் நாடாவை வாங்கினார்.

"நேரா நில்லடா," என்றார். சுற்றினார். கிட்ட வைத்து வாசித்தார்.

முப்பத்தாறு.